சூனியக்காரியையும் கடலையும் திருப்பித் தாருங்கள்

நமக்குத் தெரிந்த இளம் எழுத்தாளர் ஒருவர் சிறுவர்க்கென ஒரு நாவல் எழுதியிருந்தார். புதுவைக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் வாழும் பதினொரு வயதுச் சிறுமி. மீன் பிடிக்கப் போன அண்ணன் திரும்பவில்லை. ஊர் தேடி ஓய்ந்தபின், சூனியக்காரி என்று பிள்ளைகள் கல்லெறியும் கிழவி ஒருத்தி அந்தச் சிறுமிக்குக் கடலின் பேச்சைக் கற்றுக்கொடுத்து, இரவில் கட்டுமரத்தில் ஏற்றி அனுப்புகிறாள். கடலுக்குள் இன்னும் மூன்று சூனியக்காரிகள். வழிவிட ஒவ்வொருத்தியும் ஒன்றை விலையாகக் கேட்கிறாள். கையெழுத்துப் படியை நாம் ஒரே மூச்சில் படித்தோம்.

பதிப்பாளர் ஒருவர் (பெயர் இங்கே வேண்டா) நூலை வெளியிட ஒப்புக்கொண்டு, இரண்டே இரண்டு திருத்தம் கேட்டார். சூனியக்காரி கூடாது, மூடநம்பிக்கை. சிறுமி தனியே கடலுக்குள் போகக் கூடாது, ஆபத்து. கிழவியைக் கடல்வள ஆய்வாளர் அக்காவாக மாற்றலாம். அக்கா சிறுமியைக் கரையில் உட்கார வைத்து நெகிழிக் குப்பையின் தீமையைச் சொல்லலாம். அண்ணன் பக்கத்து ஊரில் பத்திரமாக இருந்ததாகக் கடைசியில் தெரியலாம்.

நெகிழிக் குப்பை தீயதுதான். அதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அண்ணனைக் கடல் கொண்டுபோன ஒரு பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியது அதுதானா?

இந்தத் திருத்தங்கள் ஒரு தனி மனிதரின் விருப்பு வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டா. தமிழில் சிறுவர் இலக்கியம் பேசும் பெரியவர்கள் நெடுங்காலமாக இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஒரு கட்சிக்குக் கதை என்பது நீதியைச் சுற்றித் தரும் பொட்டலம். பொய் சொன்ன நரி கிணற்றில் விழ வேண்டும், உழைத்த எறும்பு மாரிக்காலத்தில் உண்ண வேண்டும். மற்றக் கட்சிக்குக் கதை என்பது அறிவியல் மனப்பான்மையை ஊட்டும் மருந்து. பேய் என்றால் அது கடைசிப் பக்கத்தில் வெள்ளைத் துணியாகிவிட வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் எதிரும் புதிருமாக நிற்கும் இவ்விரு கட்சியாரும் ஒரே ஒரு இடத்தில் கைகுலுக்கிக்கொள்கிறார்கள்: சூனியக்காரியை வெளியேற்றுவதில்.

1947இல் தொடங்கிய அம்புலிமாமாவும், பின்னர் வாண்டுமாமாவும் மந்திரவாதிகளையும் மாயத் தீவுகளையும் பல தலைமுறைகளுக்கு அள்ளி அள்ளித் தந்தனர் என்பதை மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகள்தாம் இன்று பெரியவர்களாகி மேற்படிக் கட்சிகளில் இருக்கிறார்கள் என்பது வேடிக்கை. தாம் தின்ற மாம்பழத்தைப் பேரப்பிள்ளைக்கு மட்டும் சூடு என்று மறுக்கும் பாட்டனாரைப் போல.

மாயமும் கடலும் நம் மரபுக்கு ஒவ்வாத மேலைநாட்டுச் சரக்கு என்று ஒருவர் சொன்னால் அவரிடம் நாம் நீட்ட வேண்டிய நூல் ஒன்று உண்டு. உ.வே. சாமிநாதையர் 1898இல் அச்சேற்றிய நூல். பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆகவே யாரும் படிப்பதில்லை. மணிமேகலையைத்தான் சொல்கிறோம்.

நாம் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் மணிமேகலை என்றதும் மாணவர்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்று கேட்பது வழக்கம். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்று, பௌத்த நூல், சீத்தலைச் சாத்தனார், அமுதசுரபி, துறவு. இவ்வளவுதான். எல்லாம் சரியான விடைகள், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். கதை என்று ஒருவரும் சொன்னதில்லை.

கதை இதுதான். புகார் நகரத்துப் பூந்தோட்டம் ஒன்றில் ஒரு பெண், அரசன் மகனுக்கு அஞ்சிப் பளிங்கு மண்டபத்துக்குள் ஒளிந்துகொள்கிறாள். இரவில் கடல் தெய்வம் வந்து அவளைத் தூக்கத்திலேயே எடுத்துக்கொண்டு வான்வழியாக முப்பது யோசனை தெற்கே பறந்து, ஒரு தீவின் மணலில் கிடத்திவிட்டுப் போய்விடுகிறது. பொழுது விடிகிறது. தெரிந்த முகம் ஒன்றுமில்லை. தோழியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே அவள் மணலில் நடக்கிறாள். அந்தத் தீவின் பெயர் மணிபல்லவம். யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவுதான் அது என்பாரும் உண்டு. அங்கே அவள் தன் முற்பிறப்பை அறிகிறாள். தெய்வம் திரும்பி வந்து மூன்று மந்திரங்களைச் சொல்லிக்கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வானில் செல்ல ஒன்று, பசியை வெல்ல ஒன்று. தீவைக் காக்கும் தீவதிலகை, கோமுகி என்னும் பொய்கையைக் காட்டுகிறாள். ஆண்டுக்கொரு முறை, வைகாசி முழுமதி நாளில், அந்த நீரிலிருந்து ஒரு பாத்திரம் மேலெழும். எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம். அது அவள் கைக்கு வருகிறது. அதை ஏந்திக்கொண்டு அவள் தானே வானில் பறந்து ஊர் திரும்புகிறாள்.

உருமாறுகிறாள், பறக்கிறாள், வற்றாத கிண்ணம் வைத்திருக்கிறாள். ஐரோப்பியக் கதையாயிருந்தால் இவளை என்ன பெயரிட்டு அழைத்திருப்பார்கள்?

இந்தக் காப்பியத்தை அலேன் தனியேலு என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலத்தில் தந்தபோது (1989) அதற்கு இட்ட துணைத்தலைப்பு ‘மாயக் கிண்ணம் ஏந்திய ஆடற்பெண்’ என்று பொருள்படும். அவருக்குத் துணை நின்றவர் நம் புதுவையில் இருந்து பணியாற்றிய பெரும்புலவர் தி.வே. கோபாலையர். அந்தத் துணைத்தலைப்பு நூலின் சமயச் செறிவுக்கு முழு நீதி செய்கிறதா என்பது வேறு விஷயம். ஆனால் கிண்ணத்தின் மாயம் அயலாருக்குக் கண்ணில் பட்டது. நம் பாடநூலுக்குப் படவில்லை.

தீவிற்கு அவளுக்கு முன்பே ஒருவன் வந்திருந்தான். ஆபுத்திரன். அந்தப் பாத்திரம் முதலில் அவனுடையது. சிந்தாதேவி அவனுக்கு அதைத் தந்தாள். அவன் ஊரின் பசியைத் தீர்த்தான். இந்திரன் மழையைக் கொட்டி நாடெங்கும் விளைச்சலைப் பெருக்கியபின் அவனிடம் உண்ண வருவார் எவருமில்லை. பசித்தவரைத் தேடி அவன் சாவக நாட்டுக்குக் கப்பலேறினான். காற்றின் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் கரையிறங்கியதை அறியாமல் இரவில் பாய் விரித்துப் போய்விட்டது. ஊரையே ஊட்டவல்ல பாத்திரம் கையில் இருக்கிறது. ஊட்டுவதற்கு ஓர் உயிர் இல்லை. பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு அவன் உண்ணாமல் இறந்தான். ஒரு தீவுக்கதையில் இதைவிடக் கொடிய தனிமையை நாம் படித்ததில்லை. இராபின்சன் குரூசோவுக்குத் தான் உண்டு தான் வாழ்ந்தால் போதும்.

இன்னொருவன் சாதுவன். பொருளை எல்லாம் தோற்று, கப்பலேறி, கப்பல் உடைந்து, பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப்பக்கம் ஒதுங்கியவன். மனிதரைத் தின்பவர்கள் அவனைச் சூழ்கிறார்கள். அவன் தப்பிக்க வாளில்லை, வரமில்லை. அவர்களுடைய மொழி அவனுக்குத் தெரியும், அவ்வளவே. அவர்களின் தலைவனோடு உட்கார்ந்து பேசியே உயிர் பிழைக்கிறான். இரண்டு மொழி கற்பதா மூன்று மொழி கற்பதா என்று நாடே சண்டையிடும் காலத்தில், இந்த ஒரு கதைக்காகவாவது யாரேனும் படக்கதை வரைந்திருக்க வேண்டும்.

இனிச் சூனியக்காரி. அறிவியல் கட்சியாரின் எதிர்வாதத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கனமான வாதம். இந்த நாட்டில் சூனியக்காரி என்று பட்டம் கட்டப்பட்டுப் பெண்கள் அடித்துக் கொல்லப்படுகிறார்கள். அதைத் தடுக்கவே பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் அசாம் 2015இலும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. கணவனை இழந்தவள், கொஞ்சம் நிலம் வைத்திருப்பவள், பிள்ளையில்லாதவள், தனித்து வாழும் முதியவள் என்று வலுவற்றவளாகப் பார்த்தே அந்தப் பட்டம் தேடிப்போகிறது. அப்படியிருக்க, சூனியக்காரியை வில்லியாக்கி அடுப்பில் தள்ளும் கதைகளைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டால், கொடுக்க வேண்டா என்றே நாமும் சொல்வோம்.

ஆனால் அவளை அழித்துவிட்டால் அந்தக் கொலை நின்றுவிடுமா? பிள்ளைக்குச் சூனியக்காரி என்ற சொல் தெருவிலிருந்து வருகிறது, தொலைக்காட்சித் தொடரிலிருந்து வருகிறது. கதையிலிருந்து அவளை எடுத்துவிட்டால் தெருவின் பொருள் ஒன்றே அந்தச் சொல்லுக்கு மிஞ்சும். அவளுக்கும் பசிக்கும், அவளுக்கும் ஓர் ஊர் இருந்தது, அவளுக்கும் ஒரு பெயர் உண்டு என்று சொல்ல வேறு எந்த இடம் இருக்கிறது?

இதைக் காயசண்டிகையைவிடத் தெளிவாகச் சொன்ன கதை உலகில் வேறு எங்கும் உண்டா என்று நமக்குத் தெரியவில்லை. அவள் வடக்கிலிருந்து கணவனோடு பொதியில் மலையைக் காண வானில் பறந்து வந்த விஞ்சைப் பெண். ஒரு முனிவன் வைத்திருந்த நாவற்கனியைச் செருக்கோடு காலால் மிதித்துவிட்டாள். பன்னீராண்டுக்கு ஒரு முறை பழுக்கும் கனி. அவனது பன்னீராண்டு உணவே அது. அவன் சபித்தான். யானைத்தீ என்னும் பெரும்பசி அவளைப் பற்றியது. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. அந்தப் பசியில் பறக்கும் மந்திரமே அவளுக்கு மறந்துபோயிற்று. கணவன் வானில் திரும்பிப் போக, அவள் மண்ணில் நடந்து புகாருக்கு வந்து பிச்சையெடுத்துத் தின்று கிடக்கிறாள்.

பார்த்துக்கொள்ளுங்கள். பெருந்தீனி தின்னும், அலைந்து திரியும், ஊருக்குப் பெயர் தெரியாத ஒரு பெண். எந்த ஊரும் அவளைச் சூனியக்காரி என்றுதான் அழைக்கும். காப்பியம் அவளை, பறக்கும் மந்திரத்தைப் பசியால் மறந்தவள் என்று அழைக்கிறது. மணிமேகலை அவளுக்கு ஒரு கவளம் இடுகிறாள். நோய் தீர்கிறது. மந்திரம் திரும்புகிறது. அவள் பறந்து போகிறாள்.

நீதிக்கட்சியார் கதையை இந்த இடத்தில் முடித்து, அன்னதானத்தின் சிறப்பு என்று தலைப்பிட்டுவிடுவார்கள். சாத்தனார் முடிக்கவில்லை. விடுபட்டவள் வடக்கே தன் ஊருக்குப் பறக்கும் வழியில் விந்தமலை இருக்கிறது. அதைக் காப்பவள் விந்தாகடிகை. தன் மலைக்கு மேலே பறப்பவரை அவர்கள் கீழே விழுத்தும் நிழலைப் பற்றி இழுத்து விழுங்குபவள். காயசண்டிகையின் நிழல் மலைமேல் விழுகிறது. அவ்வளவுதான். வீடு போய்ச் சேரவில்லை.

நிழலைப் பிடித்து இழுக்கும் பெண்! இதை எட்டு வயதில் கேட்டிருந்தால் ஒரு மாதமாவது நாம் நம் நிழலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்திருப்போம். நமக்கு முதுகலை வகுப்பில்தான் இது சொல்லப்பட்டது, அதுவும் தேர்வுக்கு முந்தைய வாரம்.

சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கிலச் சிறுவர் கதைகளைத் தமிழாக்குவோர் அங்கே வரும் மாயப்பெண் எவளாயிருந்தாலும் சூனியக்காரி என்று ஒரே சொல்லால் மூடிவிடுகிறார்கள். நம்மிடம் சொல்லுக்கா பஞ்சம்? அணங்கு இருக்கிறது. சூர்மகள் இருக்கிறாள். மலையில் வரையரமகளிரும் நீரில் நீரரமகளிரும் பழைய நூல்களில் உலவுகிறார்கள். தெற்கே இயக்கி, இசக்கியாகிக் கோயில் கொண்டிருக்கிறாள். நீலகேசி என்று ஒரு காப்பியமே உண்டு. சமண முனிவரை அச்சுறுத்த வந்த பழையனூர்ப் பேய்ப்பெண் அவரிடம் தோற்று, அவர் நெறியை ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்தாரை வாதுக்கு அழைக்கும் தத்துவவாதியாகிவிடும் கதை. தருக்கம் பேசும் பேயை உண்டாக்கிய மொழி இது. இத்தனை பேரையும் விட்டுவிட்டு, ஏவல் பில்லி என்னும் வசையோடு ஒட்டிய சொல் ஒன்றை மட்டும் பிள்ளைகளின் நாவில் ஏற்றிவிட்டு, பிறகு அந்தச் சொல் கெட்டது என்று கதையையே தடுப்பது என்ன நியாயம்?

அடுத்தது அச்சம். பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்கிறார்கள். பயப்படுவார்கள். மணிமேகலையில் சார்ங்கலன் என்று ஒரு சிறுவன் வருகிறான். தனியே சுடுகாட்டுப் பக்கம் போய், பிணத்தின் தலையைக் கையில் ஏந்திப் பேய்மகள் ஒருத்தி கூத்தாடுவதைப் பார்த்துவிட்டு, ஓடி வந்து தாயிடம் சொல்லி உயிர்விடுகிறான். பார்வையில்லாத தாய் கோதமை, மகனைத் தூக்கிக்கொண்டு சம்பாபதித் தெய்வத்தின் வாயிலில் நின்று, என் உயிரை எடுத்துக்கொண்டு அவனுயிரைத் தா என்று கேட்கிறாள். தெய்வம் எல்லாத் தேவர்களையும் அழைத்து நிறுத்துகிறது. ஒருவராலும் முடியவில்லை. சாத்தனாருக்குப் பிள்ளைகள் பயத்தால் சாகக்கூடும் என்று தெரிந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டுதான் எழுதினார்.

புதுவையில் இருந்துகொண்டு கடலச்சம் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இந்நகரத்துப் பிள்ளைகளின் கடல் விசித்திரமான கடல். 1980களின் இறுதியில் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தபின், வடக்கு நோக்கி நகரும் மணல் தடைப்பட்டு, நகரின் முன்னிருந்த மணற்கரை கரைந்தது. கருங்கல் கொட்டிக் கரையைக் காத்தார்கள். 2018ஐ ஒட்டி, தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்தபின்தான் கொஞ்சம் மணல் திரும்பியது. இடையில் ஒரு முழுத் தலைமுறை, கடலை நடைமேடையிலிருந்து கல்லுக்கு அப்பால் பார்த்தே வளர்ந்துவிட்டது. 2004 டிசம்பர் 26இல் அந்தக் கற்கள் நகரத்தைப் பெரிதும் காத்தன. சுற்றியிருந்த குப்பங்களையும் காரைக்காலையும் காக்க அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப்பின் கடல் என்றாலே வீடுகளில் பேச்சு மாறிவிட்டதை நாம் கண்டோம். கடலைப் பற்றிய கதை கேட்ட பிள்ளையின் வாயைப் பொத்தினார்கள்.

கதை இல்லாத கடல் பிள்ளைக்குப் பாதுகாப்பானதாகிவிடுமா? வீராம்பட்டினத்துக் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். அரிக்கமேட்டை அடுத்த அந்த ஊரில், மீனவன் வலையில் ஒருநாள் மீனுக்குப் பதில் மரக்கட்டை சிக்கியது; விறகுக்கென்று அதை வெட்டியபோது குருதி பீறிட்டது; அதுவே செங்கழுநீர் அம்மன் என்பது ஊர் வழக்கு. ஆடி மாதத் தேரோட்டத்தின்போது பிரெஞ்சு ஆளுநரே வந்து வடம் பிடித்த அம்மன். மாசிமகத்தன்று உள்நாட்டு ஊர்களின் சாமிகள் எல்லாம் வைத்திக்குப்பத்துக் கடலுக்கு வந்து நீராடிப் போவதை நகரமே பார்க்கிறது. கடல் தரும், கடல் எடுக்கும், கடலோடு பேச வேண்டும் என்பது குப்பத்துப் பிள்ளைக்குத் தெரியும். கச்சானும் கொண்டலும் சோழகமும் வாடையும் அந்தப் பிள்ளைக்குக் காற்றின் பெயர்கள். நம் சிறுவர் நூல்களில் இவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏழு கடல் தாண்டி என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறோம். ஏழில் ஒன்றில்கூட உப்புக் கரிப்பதில்லை.

இவ்வளவு அஞ்சும் பெரியவர்கள், ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையைப் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கித் தரத் தயங்குவதில்லை. 1837இல் வந்த அந்தக் கதையில் கடல் சூனியக்காரி ஒரு சிறுமியின் நாக்கை அறுத்து வாங்கிக்கொள்கிறாள். 1989இலும் 2023இலும் டிஸ்னி நிறுவனம் அதைப் படமாக்கியது; புதுவைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு உர்சுலாவைத் தெரியும். நாம் குறைகூறவில்லை, நல்ல கதைதான். ஆங்கிலத்தில் வந்தால் கற்பனை வளம், தமிழில் வந்தால் மூடநம்பிக்கை என்னும் கணக்குத்தான் நமக்குப் புரியவில்லை.

நம் கடல் தெய்வம் எங்கே போயிற்று என்றாவது தெரிந்துகொள்ளலாம். கோவலனின் முன்னோன் ஒருவனைக் கடலிலிருந்து காத்த தெய்வம் என்பதாலேயே அவன் மகளுக்கு அந்தப் பெயர் வைத்தான். பாலி மொழியின் மகாசனக சாதகத்திலும் அதே மணிமேகலை வருகிறாள். கப்பல் உடைந்த இளவரசன் ஏழு நாள் நீந்துகிறான். கடலைக் காக்க வேண்டியவள் அந்த ஏழு நாளும் கவனிக்காமல் இருந்துவிட்டு வருகிறாள்! வந்து, கரை தெரியாத கடலில் எதற்காக நீந்துகிறாய் என்று வாதிடுகிறாள், பிறகே தூக்குகிறாள். தாய்லாந்து மன்னர் பூமிபால் இக்கதையைத் தம் கைப்படத் திரும்ப எழுதி 1996இல் வெளியிட்டார். கம்போடிய அரங்கில் அவள் கையில் மணி மின்ன ஆடுகிறாள். கோடரியோடு துரத்துகிறான் ஓர் அரக்கன். மணியின் ஒளி மின்னல், கோடரியின் ஓசை இடி. பிரெஞ்சு அறிஞர் சில்வேன் லெவி இந்த ஒற்றுமைகளைத் தேடி ஆராய்ந்து எழுதியும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. எல்லாம் இங்கிருந்தே போயிற்று என்று மார்தட்டுவது நம் நோக்கமன்று. எது எங்கிருந்து போயிற்று என்பதை அறிஞர் பார்த்துக்கொள்ளட்டும். வங்கக் கடலின் அக்கரையில் இடி இடிக்கும்போது பிள்ளைகள் அவளை நினைக்கிறார்கள், இக்கரையில் அவள் இரண்டு மதிப்பெண் வினா.

கி. ராஜநாராயணன் தம் கடைசி முப்பது ஆண்டுகளை இந்தப் புதுவையில் கழித்தவர். சொல்லக்கூடாது என்று மற்றவர் ஒதுக்கிய நாட்டுப்புறக் கதைகளைச் சலிக்காமல் திரட்டி அச்சிட்டவர். அவரைக் கொண்டாடும் ஊர், பிள்ளைக்குக் கொடுக்கும் நூலைக் கொதிக்க வைத்து வடிகட்டியே கொடுக்கும் என்றால் எப்படி?

மணிமேகலையைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எழுத முன்வருவோர்க்கு நாம் சொல்ல விரும்புவது சில. இறுதியில் வரும் தருக்கக் காதைகளை விடலாம், சாத்தனார் கோபிக்க மாட்டார். அரசி, மணிமேகலையை அடைத்து வைத்துச் செய்யும் கொடுமைகளில் பட்டினியையும் அதை மந்திரம் வென்றதையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தவிர்க்கலாம். விந்தாகடிகையை விடக்கூடாது. சார்ங்கலனைப் பிழைக்க வைக்கக்கூடாது. பீலிவளையின் குழந்தையைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

அந்தக் குழந்தை சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் நாகநாட்டுப் பீலிவளைக்கும் பிறந்தது. தாய் அதை மணிபல்லவத்தில் கம்பளச்செட்டி என்னும் வணிகன் கையில் ஒப்படைக்கிறாள். கரைக்கு அருகே இரவில் கப்பல் உடைகிறது. பிழைத்து வந்தவர்களுக்குக் குழந்தையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. மன்னன் தேடித் திரிகிறான். தேடலில் இந்திர விழாவை மறக்கிறான். கடல் புகாரை விழுங்குகிறது. ஒரு குழந்தைக்காக ஒரு நகரமே போனபின்னும் அக்குழந்தை என்ன ஆயிற்று என்று காப்பியம் சொல்வதில்லை. பிற்கால உரைமரபு ஒன்று, தொண்டைக்கொடி சுற்றிய குழந்தையைத் திரை கொண்டுவந்து கரையில் சேர்த்தது, அவனே தொண்டைமான் இளந்திரையன் என்கிறது. எந்தக் கரை, எந்த இரவு, கொடியைச் சுற்றி அனுப்பியவர் யார் என்பது எழுதப்படாமலே கிடக்கிறது.